தொண்டைமானாறு ஆறா, வாய்க்காலா?

ரொறன்ரோவில் பிறந்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மம்மாவின் ஊர் தொண்டைமானாறு. யாழ்ப்பாணத்தில் ஆறே கிடையாது என்று எல்லோரும் சொல்லும்போது இந்த ஊருக்கு மட்டும் ஆறு எப்படி வந்தது? அதை ஓர் அரசன் வெட்டினான் என்பது உண்மையா? கப்பலும் உப்பும் தொழிலுமாக இருந்த இடம் என்று அம்மம்மா சொல்வாராம்; இப்போது அங்கே என்ன மிச்சம்? வருகிற வருசம் வரப்போகிறாராம், சுற்றுவட்டாரத்தில் எதைப் பார்க்கலாம்?

தம்பி, நான் உடுப்பிட்டிப் பக்கம். புவியியல் படிப்பித்தே வயது போனவன். வருசா வருசம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பாலத்தில் போய் நின்றிருக்கிறேன். அதனால் பாலத்திலிருந்தே தொடங்குகிறேன்.

பாலத்தின் நடுவில் நின்று வடக்கே பார்த்தால் கடல் கூப்பிடு தூரத்தில் தெரியும். திரும்பித் தெற்கே பார்த்தால் அதே தண்ணீர் மெல்ல அகன்று, கரையே தெரியாத வெளியாகப் போகும். ஆறு என்று நீங்கள் தேடி வந்தது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒடுங்கிய கழுத்துத்தான். மலையில் பிறந்து கடலில் சேரும் ஆறு யாழ்ப்பாணத்தில் ஒன்றும் இல்லை. உப்பாறு என்கிறோம், வழுக்கையாறு என்கிறோம். ஒன்று நீரேரி, அதாவது கடல் உள்ளே புகுந்து கிடக்கும் உவர்நீர்ப் பரப்பு; மற்றது மாரியில் மட்டும் ஓடி அடங்கும் வெள்ளம். தொண்டைமானாறும் அப்படி ஒரு பெயர்தான். வடமராட்சி நீரேரி கடலோடு சேருகிற வாய் அது. அந்த நீரேரி இங்கிருந்து தென்கிழக்கே வல்லை வெளியைத் தாண்டி, முப்பது கிலோமீட்டருக்கு மேல் நீண்டு முள்ளியான் பக்கம் வரை போகிறது. பரப்பு ஏறத்தாழ 30 சதுர மைல். வடமராட்சியை வலிகாமத்திலிருந்தும் தென்மராட்சியிலிருந்தும் பிரிப்பது இதுதான். மாரி பெய்தால் மூன்று பகுதிகளின் வெள்ளமும் இதற்குள் இறங்கும். கோடையில் காய்ந்து, ஓரங்களில் உப்புப் பூத்துக் கிடக்கும்.

இனி வெட்டிய கதை. இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஒல்லாந்தர் காலத்தில் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை, உக்கிரசிங்கன் ஆண்ட காலத்தில் தொண்டைமான் என்ற அரசன் இங்கே விளையும் உப்பைக் கேட்டு வந்தான் என்கிறது. கரணவாய், வெள்ளைப்பரவை ஆகிய இடங்களின் உப்பை ஏற்ற மரக்கலங்கள் உள்ளே வரவேண்டும், அதற்காகச் சிறிய ஆற்றை வெட்டிப் பெரிதாக்கினான் என்பது அந்தக் கதை. மற்றக் கதை முதலாம் குலோத்துங்க சோழனின் தளபதி கருணாகரத் தொண்டைமானைச் சொல்கிறது. கலிங்கப் போரை வென்றதாகப் பரணி பாடப்பட்டவன் அவன். உரும்பிராயில் ஒரு பிள்ளையார் கோயிலுக்குக் கருணாகரப் பிள்ளையார் என்ற பெயர் அவனால் வந்தது என்றும் சொல்வதுண்டு. இரண்டு கதைகளின் காலமும் பொருந்தவில்லை. வைபவமாலை உக்கிரசிங்கனை எட்டாம் நூற்றாண்டில் வைக்கிறது. குலோத்துங்கன் 1070 முதல் 1120 வரையுள்ள காலத்தவன். ஆகவே இன்னார் வெட்டினார் என்று நான் பிள்ளைகளுக்கு ஒருநாளும் அடித்துச் சொன்னதில்லை. ஆனால் இரண்டு கதைகளும் ஒத்துப்போகிற இடம் ஒன்று உண்டு. ஏற்கெனவே இருந்த ஒரு நீர்வாயை ஆழமாக்கினார்கள், காரணம் உப்பும் கப்பலும். அது எனக்குப் போதும். நிலத்தைப் பார்த்தாலும் அதுதான் நியாயமாகப் படுகிறது: முழுவதையும் மனிதன் வெட்டவில்லை, முழுவதையும் இயற்கை விட்டுவைக்கவும் இல்லை. எனவே ஆறா வாய்க்காலா என்றால், வாய்க்காலாகத் திருத்தப்பட்ட கடல்வாய் என்பேன்.

உப்பைப் பற்றி அம்மம்மா சொன்னது சரி. கரணவாய் தொண்டைமானாற்றிலிருந்து கொஞ்சம் உள்ளே, நீரேரிக் கரையில் இருக்கிறது. அங்கே உப்பு விளைவிக்கப் பெரிய ஏற்பாடு ஒன்றும் தேவைப்படவில்லை. சோளகம் என்ற தென்மேற்குக் காற்றும் ஆவணி, புரட்டாதி வெயிலும் சேர்ந்தால் தரவையில், அதாவது நீரேரி ஓரத்து உவர் வெளியில், தண்ணீர் வற்றி, வெள்ளைப் பாய் விரித்தது போல உப்புப் படிந்துவிடும். வெள்ளைப்பரவை என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள், காட்சி அதிலேயே இருக்கிறது. ஆனால் தானாக விளைகிற உப்பை ஊர்ச்சனம் தானாக அள்ள முடியாது. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் உப்பு அரசாங்கத்தின் தனியுரிமை. கண்முன்னே கிடக்கிறதை விலைக்கு வாங்க வேண்டிய நிலையில்தான் இந்தக் கரைச் சனம் பல தலைமுறை வாழ்ந்திருக்கிறது. பிற்காலத்தில் பெரிய உப்பளம் ஆனையிறவுக்குப் போய்விட்டது.

கப்பல் கதை தொண்டைமானாற்றோடு நிற்காது. கிழக்கே மூன்று நாலு கிலோமீட்டரில் வல்வெட்டித்துறை. அதைச் சேர்க்காமல் இந்த ஊரின் கடல் தொழிலைச் சொல்ல முடியாது. வடகரையில் பாறை அதிகம், ஆழம் குறைவு, வாடைக் காலத்தில் அலை நேரே வந்து அடிக்கும். கரையோரத்துக்குள்ளேயே காற்றுக்கு மறைவான தண்ணீர் இருக்கிறதென்றால் அது நீரேரிக்குள்ளேதான். அதனால்தான் இந்த வாய்க்கு இவ்வளவு மதிப்பு. பாய்க்கப்பல்களில் புகையிலையும் பனஞ்சாமான்களும் போயின. அரிசி, ஓடு, துணிமணி வந்தன. தென்னிந்தியக் கரைக்கும் பர்மாவுக்கும் போய்வந்த குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் நிறைய. வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி அம்மாள்’ என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கினார். அதை வல்வெட்டித்துறை மாலுமிகளே ஓட்டிக்கொண்டு போய் 1938 ஆகஸ்டில் மசாசுசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். நீங்கள் இருக்கிற கண்டத்துக்கு இந்தக் கரையிலிருந்து அன்று போனவர்கள் விமானத்தில் போகவில்லை, தம்பி. பாய் விரித்துப் போனார்கள். இதை உங்கள் வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

இனி நான் நீளமாகச் சொல்ல நினைக்கும் விசயத்துக்கு வருகிறேன். நீங்கள் அதை நேரே கேட்கவில்லை. ஆனால் இந்த ஊரை விளங்கிக்கொள்ள வேண்டுமானால் பாலத்துப் பக்கம் இருக்கும் தடுப்பணைக் கதவுகளை விளங்கிக்கொள்ள வேண்டும்.

யாழ்ப்பாணத்து நிலம் மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். வெடிப்பும் பொந்துமான கல். வருசத்துக்கு 1,250 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையான மூன்று மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். கல்லுக்குள் இறங்குகிற மழைநீர் அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் இலேசு, உப்புத் தண்ணீர் கனம். கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே நிற்கும் அந்த ஓரடி குறைந்தால் கீழே இருக்கிற 40 அடியும் போய்விடும். புத்தூருக்குப் பக்கத்தில் நிலாவரைக் கிணற்றைப் போய்ப் பாருங்கள். வற்றாத கிணறு என்று பெயர். மேல் தண்ணீர் குடிக்கலாம். ஆழத்துக்குப் போகப் போக உப்பு. நான் சொன்னதைக் கண்ணால் காட்டுகிற இடம் அது. நாங்கள் எல்லோரும் உப்புக்கு மேல் மிதக்கும் மெல்லிய படலத்தில் வாழ்கிறோம் என்பதைப் பிள்ளைகள் அங்கே நின்றால்தான் நம்புவார்கள்.

இப்படிப்பட்ட நிலத்துக்கு வெளியே கடல் இருப்பது போதாதென்று உள்ளேயும் ஒரு கடல், அதாவது நீரேரி, கையை நீட்டிக்கொண்டு கிடக்கிறது. அதற்குள் உப்புநீர் நின்றால் இரு கரையிலும் கிணறு சவர்க்கும், வயல் தரவையாகும். மழைநீர் நின்றால் அதே இரு கரையிலும் கிணறு நல்ல தண்ணியாகும். இவ்வளவு பெரிய நிலப்பரப்பின் தலையெழுத்து, ஒடுங்கிய அந்த ஒரு வாயில் எது உள்ளே வருகிறது, எது வெளியே போகிறது என்பதில் தங்கியிருக்கிறது.

அதனால்தான் 1950களின் தொடக்கத்தில் தொண்டைமானாற்றில் உவர்நீர்த் தடுப்பணை கட்டினார்கள். தெற்கே அரியாலைப் பக்கம் உப்பாற்று வாயிலும் ஒன்று வந்தது. மாரியில் வெள்ளம் கூடும்போது கதவைத் திறந்து, முன்பு தேங்கிய உவரைக் கழுவிக் கடலுக்கு விடுவது, மழை ஓயும் தறுவாயில் கதவைப் பூட்டி நல்ல தண்ணீரைப் பிடித்து வைப்பது. இதை வருசா வருசம் செய்தால் நீரேரியின் உவர் படிப்படியாகக் குறையும். யோசனை அவ்வளவுதான். எளிமையானது, நல்லது.

அதைவிடப் பெரிய யோசனை ஒன்றும் இருந்தது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1954-ல் தந்த திட்டம் அது. யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்ற பெயரில்தான் இன்றைக்கும் பேசுவார்கள். வன்னியிலிருந்து கனகராயன் ஆறு கொண்டுவரும் வெள்ளம் இரணைமடுக் குளத்தை நிரப்பி, மிச்சம் ஆனையிறவு நீரேரிக்குள் விழுந்து, அங்கிருந்து கடலுக்குப் போகிறது. ஆனையிறவில் வீதியும் தண்டவாளமும் போகிற அணையால் மேற்குப் பக்கம் ஏற்கெனவே அடைபட்டிருக்கிறது. கிழக்கே சுண்டிக்குளம் பக்கம் ஓர் அணை போட்டால் அந்த வெள்ளம் அங்கே தேங்கும். அங்கிருந்து முள்ளியான் ஊடாக ஏறத்தாழ 4 கிலோமீற்றர் வாய்க்கால் வெட்டி, தண்ணீரை வடமராட்சி நீரேரிக்குள் விட வேண்டும். அது வல்லை வழியாக வந்து தொண்டைமானாற்றுக் கதவில் நிற்கும். வன்னி மழை வடகரைக் கிணறுகளுக்கு வந்து சேர்ந்திருக்கும். வேலை தொடங்கியும் இருந்தார்கள். சுண்டிக்குளத்து அணை போட்டார்கள், முள்ளியான் வாய்க்காலில் ஒரு பகுதி வெட்டினார்கள். பிறகு காசு இல்லை என்று நின்றது. அணையை வெள்ளம் உடைத்தது. கடைசியில் போர் வந்து எல்லாவற்றையும் மூடியது.

நாலு கிலோமீற்றர் வாய்க்கால், தம்பி. நான் படிப்பிக்கத் தொடங்கிய வருசமும் கரும்பலகையில் அதைக் கீறினேன், கடைசி வருசமும் கீறினேன். ஒவ்வொரு முறையும் பின்வாங்கில் இருக்கும் யாராவது ஒரு பிள்ளை எழும்பி, “சேர், மிச்சத்தை ஏன் வெட்டேல்லை?” என்று கேட்கும்.

தடுப்பணைக்கு வருகிறேன். முதலில் போட்டவை மரப்பலகைக் கதவுகள். ஒழுகும், இற்றுப்போகும், மாற்ற வேண்டும். பராமரிக்க ஆளும் காசும் இருந்தவரை பரவாயில்லை. எண்பதுகளில் அந்தப் பக்கம் இராணுவ முகாம் வந்தபின் கதவுக்குப் பக்கத்தில் யார் போவது? பல வருசம் கடல் தன் இஷ்டத்துக்கு உள்ளே வந்து போனது. என் மாமியாருடைய தோட்டம் கெருடாவில் பக்கம், நீரேரிக்குப் பார்வை தூரத்தில் இருந்தது. அந்தக் கிணற்றில் பங்குனி மாதம்வரை வெங்காயத்துக்கு இறைத்த காலம் ஒன்று உண்டு. தொண்ணூறுகளின் நடுவில் தை பிறக்க முதலே வெங்காயத் தாள் நுனி கருகத் தொடங்கியது. கிழவி கிணற்றுத் தண்ணியை உள்ளங்கையில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “ஆத்துக் கதவு பூட்டாத தண்ணி” என்று சொல்லும். படிக்காத மனுசி. ஆனால் நான் பல்கலைக்கழகத்தில் படித்ததை அது நாக்கால் அறிந்திருந்தது. போர் முடிந்தபின் கதவுகளைப் புதுப்பித்திருக்கிறார்கள். அது நல்ல வேலை. ஆனால் உவர் ஏறப் பத்து வருசம் எடுத்தால் இறங்கவும் அதற்குக் குறையாமல் எடுக்கும். ஒரு மாரியில் தீராது.

இதில் இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நீரேரியை நம்பி வாழ்கிற கடற்றொழிலாளர் இருக்கிறார்கள். வீச்சுவலையும் களங்கட்டி என்ற பொறிவலையும் வைத்து இறால், நண்டு, மணலை, திரளி, ஓரா பிடிப்பவர்கள். இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சு மிதந்து நீரேரிக்குள் வந்து, அங்கே வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகும். கதவு பூட்டியிருந்தால் குஞ்சு உள்ளே வராது. ஆகவே தோட்டக்காரன் பூட்டச் சொல்லும் மாதத்தில் இறால்காரன் திறக்கச் சொல்கிறான். இருவரும் சொல்வது நியாயம். இதைத் தோட்டக்காரர் பேராசை என்றோ மீன்பிடிகாரர் பிடிவாதம் என்றோ பேசுபவர்களை நான் கூட்டங்களில் கண்டிருக்கிறேன். எனக்குக் கோபம்தான் வரும். எந்த வாரம் எத்தனை கதவு, எவ்வளவு உயரம் என்று மழையையும் உவர் அளவையும் பார்த்து இரு தரப்பையும் வைத்துத் தீர்மானித்தால் பெரும்பாலும் இருவருக்கும் இடம் இருக்கும். என் விருப்பம் நல்ல தண்ணீர்ப் பக்கம்தான். குடிதண்ணீர் இல்லாத கரையில் இறால் மட்டும் இருந்து ஊர் நிலைக்காது என்பது என் எண்ணம். ஆனால் பூட்டுகிறவர்கள் அந்தக் குடும்பங்களுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் பூட்ட வேண்டும்.

இதற்கிடையில் நீரேரியின் மறுகோடிப் பக்கம், கிழக்குக் கடலோரத்தில் தாளையடியில், கடல்நீரைச் சுத்திகரித்துக் குடிதண்ணீராக்கும் நிலையம் 2024-ல் தொடங்கியிருக்கிறது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவு. குடிக்கத் தண்ணீர் இல்லாத வீட்டுக்கு அது பெரிய ஆறுதல், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தோட்டத்துக்கு இறைக்க அந்தத் தண்ணீர் கட்டாது. தோட்டத்துக்கு மழைதான், மழையைப் பிடிக்க நீரேரிதான்.

தொழில் என்று கேட்டீர்கள். தொண்டைமானாற்றுக்குள் இன்றைக்குப் பெரிய தொழிற்சாலை ஏதும் இல்லை. அதைச் சுற்றித்தான் தேட வேண்டும். தெற்கே நாலைந்து கிலோமீற்றரில் அச்சுவேலி. நல்ல சந்தை உள்ள ஊர். அங்கே இருந்த தொழிற்பேட்டை போர்க்காலத்தில் மூடிக்கிடந்து, இந்திய உதவியோடு திருத்தப்பட்டு 2014-ல் மறுபடி திறந்தது. மேற்கே கரையோரமாகப் பத்துக் கிலோமீற்றர் அளவில் காங்கேசன்துறை. அங்கே 1950-ல் தொடங்கிய சீமேந்துத் தொழிற்சாலைதான் ஒரு தலைமுறைக்கு யாழ்ப்பாணத்துக் கைத்தொழில் என்ற சொல்லின் பொருள். இந்தக் கரைச் சுண்ணக்கல்லை வெட்டித்தான் சீமேந்து செய்தார்கள். தண்ணீரைத் தாங்குகிற அதே கல்லை. 1990-ல் அது நின்றது. கல் வெட்டிய கிடங்குகள் இன்னும் கிடக்கின்றன. காங்கேசன்துறைக்கு முந்தி மயிலிட்டி. போருக்கு முன் பேர்போன மீன்பிடித் துறைமுகம். 2017-ல் சனத்திடம் திரும்பக் கொடுத்தார்கள்.

போரைப் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்வேன், உங்கள் வீட்டில் என்னைவிட அறிந்தவர்கள் இருப்பார்கள். 1987 மே மாதம் வடமராட்சியைப் பிடிக்க இராணுவம் புறப்பட்ட இடங்களில் ஒன்று தொண்டைமானாற்று முகாம். 1990-க்குப் பிறகு அக்கரைப் பக்கம் பலாலிப் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. அங்குள்ள வளலாய்க் காணிகள் 2015 மார்ச்சில் திறக்கும்வரை இருபத்தைந்து வருசம் அந்தச் சனம் சொந்த ஊருக்குக் கூப்பிடு தூரத்தில், முகாமிலும் இரவல் காணியிலும் இருந்தது. திரும்பிப் போனபோது வீட்டுக்குப் பதிலாகப் பற்றையும், வேலிக்குப் பதிலாக முள்ளுக்கம்பியும் கிடந்தன. முதல் வேலையாகச் சனம் செய்தது கிணறு கலக்கி இறைத்ததுதான்.

கோயிலைச் சொல்லாமல் விட்டால் உங்கள் அம்மம்மா என்னை மன்னிக்க மாட்டார். ஆற்றங்கரையில் செல்வச்சந்நிதி முருகன். எங்கள் சனத்துக்குச் சந்நிதியான், ஆற்றங்கரையான், அன்னதானக் கந்தன். சின்னக் கதிர்காமம் என்றும் சொல்வார்கள். இங்கே மூலத்தில் வைத்து வணங்குவது வேல். பூசை செய்பவர்கள் பிராமணர் அல்லர்; மருதர் கதிர்காமர் என்ற கடற்றொழில் செய்த அடியாரின் வழிவந்தவர்கள். மந்திரம் சொல்லாமல், வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகச் செய்கிற பூசை. கதிர்காமத்திலும் அந்த முறைதான். ஆலிலையில் அமுது படைப்பார்கள். ஆவணியில் திருவிழா, தீர்த்தம் இந்த ஆற்றில். சுற்றிவர மடங்கள். எந்த நாள் போனாலும் எங்காவது ஒரு மடத்தில் சோறு இருக்கும். யார், எவர், எந்த ஊர் என்று கேட்கமாட்டார்கள். இடம்பெயர்ந்த காலத்தில் அந்தச் சோற்றில் எத்தனை பேர் உயிர் தங்கினோம் என்பதற்குக் கணக்கு இல்லை. நானும் அந்த வரிசையில் நின்றவன். கதிர்காமத்துக் கொடியேற்றத்துக்குப் போகிற பாத யாத்திரையும் இங்கிருந்துதான் புறப்படும். முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கிழக்குக் கரை முழுவதும் நடந்து, உகந்தை, குமண, யால காடுகளைத் தாண்டிப் போய்ச் சேருவார்கள்.

இன்னொன்று, வெளியூர்க்காரருக்குத் தெரியாதது. வடக்கில் உயர்தரம் படித்த எந்தப் பிள்ளையையும் கேளுங்கள். ஊரைப் பார்த்திராவிட்டாலும் “தொண்டைமானாறு வெளிக்கள நிலையம்” என்ற பெயரைத் தெரியும். தவணைப் பரீட்சை வினாத்தாளின் தலைப்பில் அந்தப் பெயர் இருக்கும். நீரேரியும் கடலும் கண்டலும் ஒரே இடத்தில் கிடைப்பதால் விஞ்ஞானப் பிள்ளைகளின் வெளிக்கள ஆய்வுக்காகத் தொடங்கிய நிலையம் அது. போர்க்காலத்தில் கடதாசி தட்டுப்பாடான நாட்களிலும் அந்த வினாத்தாள் வந்தது. ஒரு சிறு கடற்கரை ஊரின் பெயர் ஒரு மாகாணத்துப் பிள்ளைகளின் படிப்போடு இப்படி ஒட்டிக்கொண்டதில் எனக்குப் பெருமை உண்டு.

எப்படி வருவது என்பதைச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதியால் கோப்பாய், நீர்வேலி, புத்தூர், ஆவரங்கால் கடந்து வாருங்கள். புத்தூர்ப் பக்கம் நிலாவரையைப் பார்த்துவிடலாம். அங்கிருந்து அச்சுவேலிக்குள் போயும் தொண்டைமானாற்றுக்கு வரலாம், நேரே வல்லைக்குப் போயும் வரலாம். முதல் தடவை வல்லையால் வாருங்கள். மரம் மட்டை இல்லாத வெட்டவெளி, இரண்டு பக்கமும் தண்ணீர், சைக்கிளில் போனால் ஆளைச் சரிக்கிற காற்று. வல்லை முனியப்பருக்குக் காசு போட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் எங்கள் ஆட்கள் கடப்பார்கள். வடமராட்சிக்குள் நுழைகிறோம் என்பது அந்தக் காற்று முகத்தில் அடிக்கும்போதுதான் உடம்புக்குத் தெரியும்.

மார்கழி, தையில் வந்தால் நீரேரி நிறைந்திருக்கும். வலசை வரும் வாத்துக் கூட்டமும் பூநாரையும் காணலாம். பூநாரைக்கு இன்னும் கிழக்கே, சுண்டிக்குளம் நல்லது. 1938-ல் சரணாலயமாக்கி 2015-ல் தேசியப் பூங்கா ஆக்கிய இடம். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்றுவார்கள். வீட்டு முற்றம் அளவுப் பட்டமெல்லாம் வானத்தில் நிற்கும். அது ஒரு நாள். அக்கரைக் கடற்கரையில் பின்னேரம் குளிக்கலாம், ஆனால் ஆற்று வாய்க்குக் கிட்டப் போகவேண்டாம். கதவு திறந்திருந்தால் இழுவை பொல்லாதது. இடைக்காட்டுப் பக்கம் போய்த் தோட்டங்களைப் பாருங்கள். செம்மண்ணில் வெங்காயம், புகையிலை, மரக்கறி. ஆடி, ஆவணியில் வந்தால் காட்சியே வேறு: நீரேரி ஓரம் வெடித்து, உப்பு வெளுத்து, தரவையில் மாடுகள் நிற்கும். ஒரே இடத்தை இரண்டு காலத்திலும் பார்த்தால்தான் நான் மேலே எழுதியது முழுக்க விளங்கும். ஒரு தடவைதான் வரமுடியும் என்றால் மாரிக்கு வாருங்கள். கதவைத் திறந்து வெள்ளத்தை விடும் நாள் அமைந்தால் பாலத்தடியில் ஊரே நிற்கும். கலங்கிய தண்ணீர் பச்சைக் கடலுக்குள் நாக்கு நீட்டுவதையும், அதற்குள் வீச்சுவலைக்காரர் நின்று எறிவதையும் பார்க்கலாம்.

புறப்படுமுன் அம்மம்மாவிடம் ஒன்று கேட்டுக்கொண்டு வாருங்கள். அவருடைய வளவு ஆற்றுக்கு இக்கரையா அக்கரையா, கிணறு வளவின் எந்த மூலையில் இருந்தது. காணியைக் கண்டுபிடிக்க முடிந்தால், கிணறு தூராமல் இருந்தால், ஒரு வாளி அள்ளி நாக்கில் வைத்துப் பாருங்கள். நல்ல தண்ணியா, சவரா என்று எனக்கும் எழுதுங்கள்; மாதத்தையும் சேர்த்து எழுதுங்கள்.